தொண்ணூற்றாறு சென்டிமீட்டர் சாமி

ஓர் இரும்புக் கோலை அளக்க எவ்வளவு நேரம் ஆகும்? தையல்காரியைக் கேட்டால் ஒரு நொடி என்பாள். அரசாங்கத்தைக் கேட்டால் பதினோரு மாதம். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

கோட்டூர்புரத்து ஆற்றோரக் குடிசைகளில் ஒன்றில் தையல் மிஷின் வைத்திருந்தவள் தேவானை. ரவிக்கை, பாவாடை, பையன்களின் அரை டிராயர், எது வந்தாலும் தைப்பாள். 1974 ஜூன் மாதம் அபிராமபுரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து ஜெயபாரதி டீச்சர் ஐம்பது மீட்டர் நீலத் துணியைக் கொண்டுவந்து இறக்கினாள். நாற்பது பெண் பிள்ளைகளுக்குச் சீருடைப் பாவாடை. ஒரு பாவாடைக்கு ஒன்றேகால் மீட்டர், நாற்பதுக்கு ஐம்பது. டீச்சர் கணக்குப் பாடம் எடுப்பவள். துணி பாண்டி பஜாரில் நல்லசிவம் ஜவுளி மாளிகையில் வாங்கியது.

பாவாடை முப்பத்தெட்டுதான் வந்தது.

"மீதி ரெண்டு பாவாடைத் துணி எங்கே, தேவானை?"

"துணியே கம்மி டீச்சர். நாப்பத்தெட்டு மீட்டருதான் கீது. வெட்றதுக்கு முன்னாடியே அளந்து பாத்தேன்."

"எதால அளந்தே?"

"டேப்பாலதான்."

"உன் டேப்பு இழுபட்டு நீண்டு போயிருக்கும். கடையில இரும்புக் கோல். அதுல கவர்ன்மெண்ட் முத்திரை இருக்கு. இரும்பு சுருங்குமா?"

டீச்சர் சத்தம் போடவில்லை. திருடி என்று சொல்வதற்குப் படித்தவர்களுக்குச் சத்தம் தேவைப்படுவதில்லை. முப்பத்தெட்டுப் பாவாடையை எடுத்துக்கொண்டு, அடுத்த வருஷம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு மாதத்துக்குள் 'துணி எடுத்துக்கிறவ' என்ற பெயர் ஆற்றோரமாகவே அடையாறு வரை போயிற்று. ரவிக்கைத் துணி கொண்டுவந்தவர்கள், வெட்டி முடிக்கிறவரை மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் கையைப் பார்த்தார்கள். அப்புறம் அவர்களும் வரவில்லை.

"ரெண்டு மீட்டரு துணிய நீயே வாங்கி டீச்சரு மூஞ்சில வுட்டெறிஞ்சுரு. வாய மூடிக்குவாங்க" என்றாள் பக்கத்துக் குடிசைத் தாயம்மா.

"எறிஞ்சா திருடுனது நாந்தான்னு ஆயிடும்க்கா. எடுக்காத துணிய எப்டி திருப்பிக் குடுக்கிறது?"

தேவானை டேப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பாண்டி பஜாருக்குப் போனாள்.

நல்லசிவம் முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். யார் வந்தாலும் எழுந்து கும்பிடுவார். அவளையும் கும்பிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் கோபம் வரவில்லை, கருணை வந்தது.

"யம்மா, நம்ம கடைக் கோல சந்தேகப்படுதியளா? அது எங்க அப்பா காலத்துல இருந்து இந்த மேசையில கெடக்கு. அதத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் யாவாரத்தையே தொடங்குதேன். பாத்துக்கிடுங்க."

"ஒருவாட்டி டேப்ப வெச்சுப் பாத்துடுறேன் மொதலாளி."

"அது எப்படி? சாமிய நீங்க அளப்பியளா?"

அவளுக்கு ஒரு மஞ்சள் பை இலவசமாகக் கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

மயிலாப்பூரில், குளத்துக்கு மேற்கே ஒரு மாடிக் கட்டடத்தில், வாங்குவோர் குறை விசாரணை இயக்ககம் என்று ஓர் அலுவலகம் இருந்தது. வாங்குகிறவர்களுக்கு ஏற்படும் குறைகளை விசாரிப்பதற்காக ஏற்படுத்தியது. விசாரணை அதிகாரி அனந்தராமன் நல்ல மனிதர். புகாரை மூன்று நகலாக எழுதச் சொன்னார். நீல மையில் எழுதியது செல்லாது என்று கறுப்பு மையில் மறுபடி எழுதவைத்தார். கறுப்பு மையைத் தாமே இரவலும் கொடுத்தார்.

"கவலைப்படாதே. எங்களுக்குச் சட்டம் ரொம்பப் பெரிய அதிகாரம் கொடுத்திருக்கு. யாரா இருந்தாலும் அழைப்பாணை அனுப்பிக் கூப்பிடுவோம்."

"வரலேன்னா சார்?"

"மறுபடியும் கூப்பிடுவோம்."

"அப்பவும் வரலேன்னா?"

"ஏம்மா, அபசகுனமாவே பேசிண்டிருக்கே?"

தேவானை யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "நீங்களே ஒரு எட்டு கடைக்கிப் போயி அளந்துடலாமே சார். டி.நகரு இங்கேந்து கால் மணி நேரம்."

அனந்தராமன் பேனாவை மூடி வைத்தார். "போனா அதுக்குப் பேர் சோதனை. எங்களுக்கு இருக்கறது விசாரணை அதிகாரம். விசாரணைன்னா அவா வரணும். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு கடைப் படி ஏறினது கிடையாது. சொந்தத்துக்குத் துணி வாங்கக்கூட ஆத்துக்காரியைத்தான் அனுப்புவேன்."

அழைப்பாணை தட்டச்சாகிக் கையெழுத்தாகித் தபாலில் சேர செப்டம்பர் முடிந்துவிட்டது. 'தங்கள் கடையில் உபயோகத்தில் உள்ள மீட்டர் கோலுடன் நேரில் ஆஜராகவும்' என்று அதில் இருந்தது. நல்லசிவம் உடனே பதில் போட்டார். அவர் எந்தக் கடிதத்துக்கும் பதில் போடாமல் இருந்ததே இல்லை.

ஆயுத பூஜைக்காகக் கோலுக்குச் சந்தனம், குங்குமம் இட்டுச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாகிவிட்டது, பூஜையில் வைத்த ஆயுதத்தை எடுக்கக்கூடாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல, என்பது முதல் பதில். விஜயதசமியன்று எடுத்திருக்க வேண்டும், அன்றைக்குப் பங்காளி வீட்டில் ஒரு சாவு, தீட்டு, என்பது இரண்டாவது. ஐப்பசி அடைமழையில் வெளியே எடுத்தால் கோல் துருப்பிடித்துவிடும் என்பது மூன்றாவது. கார்த்திகையில் வந்த பதிலை அனந்தராமன் தேவானைக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார்: 'சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறேன். விரதம் முடிகிறவரை பொய் பேசக்கூடாது என்பதால் விசாரணைக்கு வர இயலாத நிலையில் இருக்கிறேன்.'

"எவ்வளவு மரியாதையா எழுதியிருக்கார் பாரு" என்றார் அனந்தராமன்.

"சார், அந்தக் கோலு பூஜையிலல்லாம் இல்ல சார். நேத்து போயிப் பாத்துக்கினுதான் வர்றேன். குங்குமத்தோட அளக்குறாங்க. துணியிலயே செவப்பா ஒட்டிக்கினு வருது."

"நீ பார்த்தே. இயக்ககம் பார்க்கலையே."

மார்கழியில் அனந்தராமன் தாமாகவே நினைவூட்டல் அனுப்பவில்லை. மார்கழி மாதத்தில் யாராவது ஒரு காரியத்தைத் தொடங்குவார்களா? தை பிறந்ததும் கடைசிப் பதில் வந்தது. 'தினமும் கற்பூரம் காட்டிக் காட்டிக் கோலின் மேல் பக்தி வந்துவிட்டது. இனி எடுக்க மனம் வரவில்லை.'

அப்போதுதான் இயக்ககத்துக்குக் கோபம் வந்தது. கோபம் மேசைக்கு மேசை கையெழுத்தாகி, விசாரணைக்குக் கட்டுப்படாதவர்மீது நடவடிக்கை கோரும் மனுவாக நீதிமன்றத்துக்குப் போயிற்று.

பிப்ரவரியில் முதல் உத்தரவு. அழைப்பாணைக்குக் கட்டுப்படுமாறு நல்லசிவத்துக்கு நீதிமன்றம் ஆணையிட்டது. அவர் கட்டுப்படவில்லை. மார்ச்சில் இரண்டாவது உத்தரவு. அழைப்பாணைக்குக் கட்டுப்படுமாறு இட்ட ஆணைக்குக் கட்டுப்படுமாறு ஆணை. அதற்கும் அவர் கட்டுப்படவில்லை. ஏப்ரலில் மூன்றாவது. ஏன் கட்டுப்படவில்லை என்று காரணம் காட்டும்படி ஆணை. இதற்கு மட்டும் நல்லசிவம் மகிழ்ச்சியோடு கட்டுப்பட்டார். காரணங்கள் அவரிடம் நிறைய இருந்தன.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் தேவானை போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். இப்போது அவளுக்குத் தைக்கத் துணி கிடையாது. நேரம் இருந்தது. இரண்டாவது வாய்தாவிலேயே தைரியமாக எழுந்து, "சாமி, ஒரு ஆள அனுப்பிப் புடிச்சாரச் சொன்னா இன்னா?" என்று கேட்டுவிட்டாள்.

நீதிபதி கோபித்துக்கொள்ளவில்லை. விளக்கினார். "நீதிமன்றத்தின் கை மிக நீளமானது அம்மா. அவ்வளவு நீளமான கையை எப்போதும் மடக்கியே வைத்துக்கொள்வதுதான் எங்கள் கண்ணியம். நீட்டிவிட்டால், எட்டவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும் அல்லவா?"

டவாலி அவளை உட்காரச் சொல்லி அதட்டினான்.

காரணம் காட்டும் நாளன்று நல்லசிவத்துக்காக வக்கீல் ராஜகோபாலன் வந்தார். கறுப்புக் கோட்டுக்கு மேலே விபூதிப்பட்டை. கையில் ஐந்து புத்தகம், ஐந்திலும் அடையாளத்துக்குப் பூக்கட்டும் நார்.

"மை லார்ட்! என் கட்சிக்காரர் இந்த நீதிமன்றத்தை மதிக்கவில்லை என்பது அபாண்டம். நேற்றுக்கூட ஓர் அர்ச்சனை நீதிமன்றத்தின் பெயரில் செய்திருக்கிறார். பிரசாதம் கொண்டுவந்திருக்கிறேன். கேள்வி வேறு. ஆறு மாதமாக நித்திய பூஜை, மாலை, கற்பூரம், வெள்ளிதோறும் சுண்டல். இத்தனைக்கும் பிறகு அது இன்னும் கோல்தானா? இல்லை, மை லார்ட், அது தெய்வமாகிவிட்டது. தெய்வம் சட்டத்தின் பார்வையில் ஒரு நபர். அதுவும் எப்படிப்பட்ட நபர்? என்றைக்கும் வயதுக்கு வராத மைனர்! ஒரு மைனர் குழந்தையை, கார்டியன் இல்லாமல், இழுத்துவந்து கூண்டில் நிறுத்தி, துணியை விலக்கி உயரம் பார்ப்பதா? எந்த நாகரிக நாட்டில் இது நடக்கும்?"

நீதிபதி சுண்டலை மென்றபடி நீண்ட நேரம் யோசித்தார். பிறகு மைனரின் நலனே முக்கியம் என்று முடிவு செய்தார். கோலுக்கு ஒரு கார்டியன் நியமிக்க வேண்டும்.

நல்லசிவம் ஆக முடியாது, அவர் எதிர்மனுதாரர். அனந்தராமன் எழுந்து, அரசு ஊழியர் தனியார் தெய்வத்துக்குக் கார்டியனாக இருக்க முன் அனுமதி வேண்டும், கோப்பு கோட்டைக்குப் போய்த் திரும்ப ஒன்றரை வருஷம் ஆகும் என்றார். வக்கீல்கள் எல்லோரும் அவசரமாக வேறு கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள். கடைசி பெஞ்சில் ஒருத்தி மட்டும் இருந்தாள்.

"அந்த அம்மா யார்?"

"புகார் கொடுத்தவள், மை லார்ட்" என்றார் அனந்தராமன்.

"மனுதாரரா?"

"இல்லை. மனுதாரர் இயக்ககம். இவள் புகார் மட்டும்தான் கொடுத்தாள். இந்த வழக்கில் இவளுக்குச் சம்பந்தம் எதுவும் கிடையாது."

"அப்படியானால் பாரபட்சம் இல்லாதவள்" என்றார் நீதிபதி நிம்மதியாக. மைனரின் உடலையும் உடைமையையும் பராமரிக்கவும், கோடை விடுமுறை முடிந்ததும் நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தவும் தேவானையைக் கார்டியனாக நியமித்து உத்தரவாயிற்று. பிரசாதத்தில் அவளுக்கும் ஒரு பிடி வந்தது.

மறுநாள் கோர்ட்டு அமீனா அவளைப் பாண்டி பஜாருக்கு அழைத்துப் போனார். சனிக்கிழமை, கடை நிறையக் கூட்டம். நல்லசிவம் எழுந்து கும்பிட்டார். அமீனா உத்தரவைப் படித்தார்.

முதலாளிக்கு முதல்முறையாக வியர்த்தது. "இரும்புக் கோலுதானய்யா, நாளைக்கி நானே கொடுத்து அனுப்புதேன்" என்று ஆரம்பித்தார்.

"இரும்புக் கோலா?" என்றார் அமீனா. "அப்படின்னா எழுதிக் கொடுத்துடுங்க. சாமி இல்லேன்னா கார்டியன் எதுக்கு? இந்தம்மா போயிடட்டும், நீங்க கோலோட கோர்ட்டுக்கு வாங்க."

கூட்டத்தில் ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோலைப் பார்த்துக் கும்பிட்டார். நல்லசிவம் அந்தக் கிழவரைப் பார்த்தார், அமீனாவைப் பார்த்தார், கடைசியில் கோலை எடுத்துக் கண்ணில் ஒற்றி, மாலையோடு தேவானையின் கையில் கொடுத்தார். அமீனா கடைப்பெயரும் தேதியும் போட்டு ரசீது எழுதி மூவரிடமும் கையெழுத்து வாங்கினார்.

பல்லவன் பஸ்ஸில் கண்டக்டர் கோலுக்கு லக்கேஜ் போட வந்தார்.

"லக்கேஜ் இல்ல நைனா, மைனரு" என்று தேவானை உத்தரவைக் காட்டினாள்.

கண்டக்டர் படித்துப் பார்த்துவிட்டு அரை டிக்கெட் கிழித்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாலையைக் கழற்றினாள், டேப்பை வைத்தாள். தொண்ணூற்றாறு. நாலு சென்டிமீட்டர் கிடையாது. ஒரு முனையில் அரசாங்க முத்திரை பளபளத்தது. மறுமுனையில் ரம்பம் வைத்து அறுத்த தடம், அதன்மேல் பல வருஷத்துத் துரு.

"இன்னாடி, சாமி இம்மாம் கட்டையா கீது" என்றாள் தாயம்மா.

தேவானை கோலைத் தூக்கிக்கொண்டு அபிராமபுரத்துக்கு ஓடினாள். ஜெயபாரதி டீச்சர் கேட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "தொண்ணூத்தாறுன்னு யார் சொன்னது? உன் டேப்பு. கோலை யார் வெச்சிருக்கா? நீ. நீயே அறுத்திருக்க மாட்டேன்னு என்ன நிச்சயம்? கோர்ட்டு சொல்லட்டும், நம்பறேன்."

திங்கட்கிழமையே தேவானை மயிலாப்பூர் மாடி ஏறினாள். "கோலு எங்கைல கீது சார். இங்கியே கொண்டாந்துட்டேன். அளந்து ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க."

அனந்தராமன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஐயையோ, மொதல்ல அதை வெளில கொண்டுபோ. கோல் கோர்ட்டுப் பொறுப்புக்குப் போயிடுத்து. நல்லசிவம் பேர்ல இருந்த மனுவும் முடிஞ்சுடும். கோல் வந்துட்டதோல்லியோ, கட்டுப்படாமை தீர்ந்துபோச்சு. இனிமே யாராவது புதுசா புகார் கொடுத்தாத்தான்."

"யாரு மேல?"

"கோலை யார் வெச்சிண்டிருக்காளோ அவா மேல."

தேவானை படி இறங்கினாள். கீழே வந்ததும் தபாலாபீசில் ஒரு கார்டு வாங்கினாள். கறுப்பு மைப் பேனாவை இரவல் வாங்கி, கோணல் எழுத்தில் எழுதினாள்: 'கோட்டூர்புரம் ஆற்றோரம் தேவானை என்பவள் கடையில் அளவு குறைந்த மீட்டர் கோல் வைத்திருக்கிறாள். ரொம்ப மோசமானவள். உடனே நடவடிக்கை எடுக்கவும். இப்படிக்கு பொதுஜனம்.'

இரண்டாம் நாள் காலை ஆற்றோரத்துக்கு ஜீப் வந்தது. அனந்தராமன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றைத் தாண்டி வந்தார். பின்னால் இரண்டு பியூன்கள், வெல்வெட் பெட்டியில் இயக்ககத்தின் பித்தளை மீட்டர். பத்தரைக்கு அழைப்பாணையை நீட்டினார். பத்து முப்பத்தொன்றுக்குத் தேவானை கோலை அவர் கையில் வைத்தாள்.

அனந்தராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இருபத்திரண்டு வருஷத்துல ஒரு அழைப்பாணைக்கு இப்படி யாரும் கட்டுப்பட்டதே இல்லம்மா. ஒன்னை மாதிரி நாலு பேர் இருந்தா இந்த நாடு எங்கேயோ போயிடும்."

பித்தளை மீட்டரைப் பக்கத்தில் வைத்து அளந்தார். "தொண்ணூத்தாறு. எழுதிக்கோங்கோ."

"சார், இத அங்கியே அளந்திருக்கலாமே. எங்கூட்டுக்கு மட்டும் ஜீப்பு வருது. சோதனைக்கி அதிகாரம் இல்லேன்னீங்க?"

"அங்கே இருந்தப்போ அது சாமிம்மா. உங்கிட்ட வந்தப்புறம்தானே கோலாச்சு." அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தவிர, இது கடையா என்ன? படியே இல்லையே, ஏறறதுக்கு."

வழக்கு ஏழு நிமிஷம் நடந்தது. வாய்தா இல்லை, வக்கீல் இல்லை. அதே நீதிபதி. குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்.

"கோலு கட்டை. ஒத்துக்கிறேன். ஆனா நா வெட்டலேன்னு எழுதணும் சாமி."

நீதிபதிக்குச் சுருக்கென்றது. "இந்த நீதிமன்றத்தின் அமீனா ரசீதோடு ஒப்படைத்த பொருளில் யாரேனும் கைவைத்திருக்கக் கூடும் என்கிறாயா? எழுதிக்கொள்ளுங்கள். நல்லசிவம் ஜவுளி மாளிகையிலிருந்து பெற்ற நாளில் கோல் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. முனையில் பழைய வெட்டு. நீளம் தொண்ணூற்றாறு சென்டிமீட்டர். இதில் நீதிமன்றத்துக்கு ஐயமே இல்லை."

தொழில் நடத்தும் இடத்தில் பொய் அளவு வைத்திருந்த குற்றத்துக்குப் பத்து ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் மூன்று நாள் காவல். தாயம்மா புடவை முடிச்சை அவிழ்த்து அழுதுகொண்டே அபராதத்தைக் கட்டினாள். தேவானை அழவில்லை. குமாஸ்தாவின் ஜன்னலில் போய் நின்றாள்.

"தீர்ப்புக்கு நகல் ஒண்ணு வேணும் சார். சீலு வச்சு."

"எதுக்கும்மா? அப்பீலா?"

"இல்ல சார். மாட்றதுக்கு."

அந்த ஆண்டு இயக்ககத்தின் அறிக்கையில், விசாரணைக்குக் கட்டுப்படாதவர்கள் எண்ணிக்கை 'இல்லை' என்று வந்தது. பாண்டி பஜாரில் நல்லசிவம் புதிய கோல் செய்து வைத்தார். பழைய சாமியின் அதே அளவில் செய்ததாகக் கடை ஆட்கள் வருகிறவர்களிடம் பெருமையாகச் சொன்னார்கள்.

ஆற்றோரத்தில், மிஷினுக்கு மேலே, கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் தீர்ப்பு தொங்கிற்று. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தாயம்மா சொல்லிக் காட்டினாள். ரவிக்கைத் துணிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வர ஆரம்பித்தன. கூடவே உட்கார்ந்து அவள் கையைப் பார்ப்பவர்கள் குறைந்தார்கள்.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது ஜெயபாரதி டீச்சர் வந்தாள். யாரையும் பார்க்காமல் நேராகச் சட்டத்துக்கு முன்னால் போய் நின்று, முதல் வரியிலிருந்து கடைசி முத்திரை வரை படித்தாள். ஐம்பதை நாலால் பெருக்க ஒரு கணக்கு டீச்சருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கொஞ்சம் அதிகமாகவே ஆயிற்று.

"இதை நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, தேவானை."

"சொன்னேன் டீச்சர். அப்ப நா குத்தம் எதுவும் பண்ணல. அதான் நீங்க நம்பல."

டீச்சர் ரிக்‌ஷாவிலிருந்து பொட்டலத்தை இறக்கி வைக்கச் சொன்னாள். இந்த வருஷத்துத் துணி. நாற்பது பாவாடைக்கு ஐம்பத்து மூன்று மீட்டர். அதே கடை.